ஒரே ஊர், ஒரே காக்கி, இரண்டு பிடித்தம்: தில்லியில் ஒரு ஓய்வூதியக் கணக்கு

தில்லி போலீஸ் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர். திகார் சிறையில் காவல் பார்க்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்காரர் ஒருவர். முதலாமவர் திரிலோக்புரியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். இரண்டாமவர் ஊரிலேயே வேலைக்குத் தேர்வாகி, பட்டாலியனோடு தில்லிக்கு வந்தவர். முதலாமவரின் தங்கையைக் கட்டியவர் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவார்கள். மத்திய அரசின் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் நம்மவர்கள் காகிதங்களோடு என்னிடம் வருவது வழக்கம். இவர்கள் இரண்டு சம்பளச் சீட்டுகளோடு வந்தார்கள்.

சிறைக்காவலரின் குறை இது: "பென்ஷனுக்குப் பிடிக்கிறது ரெண்டு பேருக்கும் பத்து சதவீதம்தான் சார். கவர்ன்மென்ட் தன் பங்குக்குப் போடுறது மட்டும் மச்சானுக்குப் பதினாலு, எனக்குப் பத்து. ரெண்டு பேரும் போலீஸ்தானே?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. காவல் வேலையின் ஆபத்து, இரவுப் பணி, உடல் தேய்மானம் எல்லாவற்றையும் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்து காவலருக்கென ஒரு விகிதம் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை. மத்திய அரசிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, அப்படித் தனி விகிதம் கிடையாது. தில்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் இருப்பதால், கான்ஸ்டபிளுக்கும் தபால் துறை குமாஸ்தாவுக்கும் ஒரே விகிதம். திகார் வாசலில் நிற்பவருக்கும் திருக்கோவிலூர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே விகிதம். சம்பளப் பட்டியல் எந்த அரசின் கணக்கில் கிளம்புகிறதோ, விகிதம் அங்கிருந்துதான் வருகிறது.

எதன் மேல் சதவீதம்?

முதலில் இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிடித்தம் கணக்கிடப்படுவது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையின் மேல். வீட்டு வாடகைப்படி, ரேஷன் பணம், சீருடைப் படி எதுவும் இதில் சேராது. கைக்கு வரும் தொகையைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு வருகிறதே, பிடித்தம் ஏன் குறைவு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஹெட் கான்ஸ்டபிளின் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின் நான்காம் நிலையில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 35,300 ரூபாய். 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அது 20,474. மொத்தம் 55,774. இதில் அவர் பங்கு 10 சதவீதம், 5,577 ரூபாய். அரசு தன் பங்காக 14 சதவீதம், 7,808 ரூபாய் போடுகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் 13,385 ரூபாய் அவருடைய பிரான் கணக்குக்கு, அதாவது அவர் பெயரிலுள்ள நிரந்தர ஓய்வூதியக் கணக்குக்கு, போகும். மச்சானுக்கும் இதே அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்கில் சேர்வது 11,154. மாதம் 2,231 ரூபாய் வித்தியாசம். முப்பது வருட வேலையில் வட்டியோடு இது எங்கே போய் நிற்கும் என்பதை அவரே மனக்கணக்காகப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

பத்து எப்படிப் பதினாலு ஆனது?

2003 டிசம்பர் 22 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்.பி.எஸ்) என்ற பங்களிப்புத் திட்டம்தான். முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. ஊழியர் 10, அரசு 10. இந்தப் பத்து, "கடைசியில் இவ்வளவு பென்ஷன் வர வேண்டும், அதற்கு எவ்வளவு போட வேண்டும்?" என்று பின்னாலிருந்து போட்ட கணக்கு அல்ல. அந்தத் திட்டத்தில் இவ்வளவு வரும் என்ற வாக்குறுதியே இல்லையே! நீ பாதி, நான் பாதி, சந்தை தருவதைத் தரட்டும் என்பதுதான் அதன் வடிவம். வாக்குறுதி இல்லாத இடத்தில் விகிதம் என்பது அரசு எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பதைத்தான் சொல்லும்.

இன்னொரு விஷயம். விகிதத்தை ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிதி எங்கே முதலீடு ஆகிறது, கணக்கு எப்படிப் பராமரிக்கப்படுகிறது, வெளியேறும்போது எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் ஆணையத்தின் பொறுப்பு. அரசு ஊழியருக்கு அரசு எவ்வளவு போட வேண்டும் என்பது அமைச்சரவை முடிவு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு ஊழியர்களின் அதிருப்தி முற்றிக்கொண்டே போக, செயலாளர்கள் குழு ஆராய்ந்து, 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2019 ஏப்ரல் 1 முதல் அரசின் பங்கு 14 ஆனது. ஊழியர் பங்கு பத்திலேயே நின்றது. பின்னர் வந்த 2021 விதிகளிலும் இதே கணக்குதான்.

விகிதம் ஏறியது கோரிக்கையாலும் அழுத்தத்தாலும் என்று ஒப்புக்கொண்டால், காவலர் பாடு ஏன் தனியாகப் பேசப்படவில்லை என்பதும் விளங்கும். 1966ஆம் ஆண்டு காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம், அரசின் அனுமதி இல்லாமல் காவலர் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடுக்கிறது. மத்திய அரசு ஊழியர் தரப்பில் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருபவர்கள் கூட்டு ஆலோசனை அமைப்பில் இருக்கும் ரயில்வே, பாதுகாப்புத் துறை சிவில் ஊழியர்கள், தபால் துறை சங்கங்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ. இந்த இரண்டு மேசையிலும் கான்ஸ்டபிளுக்கு நாற்காலி இல்லை.

2023 அக்டோபர் 1 அன்று ராம்லீலா மைதானத்தில் பழைய ஓய்வூதியம் கேட்டு நாடெங்கிலுமிருந்து ஊழியர்கள் திரண்டார்கள். நம் ஹெட் கான்ஸ்டபிளுக்கு அன்று அங்கேதான் பந்தோபஸ்து. "அவங்க கேட்டது எனக்கும் சேர்த்துதான் சார். நான் கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்கவில்லை.

நீதிமன்றம் வழியாக ஒரு முயற்சி நடந்தது. 2023 ஜனவரி 11 அன்று தில்லி உயர் நீதிமன்றம், மத்திய ஆயுதக் காவல் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, ஆகவே முப்படைக்குத் தந்த விலக்கு அவர்களுக்கும் பொருந்தும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வழக்கு சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற படைகளைப் பற்றியது. தில்லி போலீஸுக்கு அதில் நேரடி லாபம் எதுவும் இல்லை.

18.5 என்ற எண்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிதித்துறைச் செயலாளராக இருந்த டி.வி. சோமநாதன் தலைமையிலான குழுவின் வேலைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 24 அன்று ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது யு.பி.எஸ்-ஸுக்கு, அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 25 வருட சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி, அதன் மேல் விலைவாசிக்கேற்ற நிவாரணம். பத்து வருட சேவைக்குக் குறைந்தது மாதம் 10,000. ஓய்வுக்குப் பின் அவர் காலமானால் துணைக்கு 60 சதவீதம். ஊழியர் பங்கு அதே 10. அரசு பங்கு 18.5.

இந்த 18.5 இரண்டாகப் பிரிகிறது. 10 சதவீதம் ஊழியரின் தனிக் கணக்குக்கு. மிச்சம் 8.5 சதவீதம் பொதுத் தொகுப்புக்கு. அதில் யார் பெயரும் எழுதியிருக்காது. நம் ஹெட் கான்ஸ்டபிளின் சீட்டில் இதைப் பொருத்தினால் ஒரு வேடிக்கை. அரசு அவருக்காகச் செலவழிப்பது 7,808-லிருந்து 10,318 ஆகிறது. ஆனால் அவர் பெயரில் சேரும் தொகை 13,385-லிருந்து 11,154-ஆகக் குறைகிறது. அதாவது மச்சானுடைய எண்ணேதான்! அவர் திடுக்கிட்டதில் தப்பில்லை. பாக்கிப் பணம் காணாமல் போகவில்லை. உத்தரவாதத்தின் விலையாகத் தொகுப்புக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்தவரை, மத்திய அரசின் பங்களிப்பு வரலாற்றில், வாக்குறுதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட முதல் எண் இதுதான். எப்படிப் போடுவார்கள் என்பதைப் பள்ளிக் கணக்காகவே பார்க்கலாம். நிதியின் லாபமும் சம்பள உயர்வும் ஒரே வேகத்தில் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது மொத்தப் பங்களிப்பு 28.5 சதவீதம், 25 வருடம் என்றால், கடைசிச் சம்பளத்தின் அளவில் 7.1 வருடச் சம்பளம் சேர்ந்திருக்கும். பாதிச் சம்பளத்தை விலைவாசிக்கேற்ப உயர்த்தி, அவர் காலத்துக்கும், பிறகு துணையின் காலத்துக்கும் தர வேண்டுமானால், தோராயமாகப் பத்து வருடச் சம்பளம் கையில் வேண்டும் என்பது என் கணிப்பு. ஏழு போதாது. நிதியின் லாபம் சம்பள உயர்வை விட வருடத்துக்கு இரண்டரை சதவீதம் கூடுதலாக இருந்தால் சேர்வது 9.7 வருடச் சம்பளம். கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. நிபுணர்களின் கணக்கில் இறப்பு விகிதம், பணி உயர்வு, இடையில் விலகுவோர் என்று இன்னும் பல அடுக்குகள் உண்டு. ஆனால் எலும்புக்கூடு இதுதான். லாப அனுமானத்தை அரை சதவீதம் அசைத்தாலும் விகிதம் அசையும். அதனால்தான் அரசின் பங்கை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மதிப்பிட்டுத் திருத்த வழி வைத்திருக்கிறார்கள். ஏறினாலும் அந்தச் சுமை அரசுடையது, ஊழியரின் பத்து ஏறாது என்பது அறிவித்தபோதே சொல்லப்பட்டது.

இதே கணக்கு காவலர் விஷயத்தில் வேறொன்றையும் காட்டுகிறது. நம் ஆள் 2010-ல், 22 வயதில் சேர்ந்தார். 60 வயதில் ஓய்வு என்றால் 38 வருட சேவை. 25 வருடத்திலேயே பாதிச் சம்பளம் என்ற உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். அடுத்த 13 வருடமும் பிடித்தம் நிற்காது, சதவீதமும் ஏறாது. ஒவ்வொரு ஆறு மாத சேவைக்கும் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற மொத்தத் தொகை மட்டும் கூடும். 38 வருடத்துக்கு அது 7.6 மாதச் சம்பளம். 34 வயதில் தேர்வெழுதி உள்ளே வரும் அதிகாரிக்கு 26 வருடத்தில் கிடைப்பதும் அதே பாதி. சின்ன வயதில் சேருபவர்கள் நிறைந்த துறை காவல்துறை. விகிதம் எல்லோருக்கும் பொது என்னும்போது, கான்ஸ்டபிளின் கடைசிப் பதின்மூன்று வருடப் பணம் தாமதமாகச் சேர்ந்தவரின் பென்ஷனுக்குத் தோள் கொடுக்கிறது என்று நான் சொன்னால் அதை யாரும் மறுக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பக்கம்

சென்னை தில்லியை முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1 முதலே தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சி.பி.எஸ். ஊழியர் 10, அரசு 10. ஆனால் தமிழ்நாடு மத்திய அரசின் என்.பி.எஸ்-ஸில் சேரவில்லை. பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சேமநல நிதியின் வட்டியைத் தந்தது. 2020 ஏப்ரல் முதல் அந்த வட்டி 7.1 சதவீதம். சந்தை விழுந்தாலும் விழாது, ஏறினாலும் ஏறாது. தில்லி 14-க்குப் போனபோதும் தமிழ்நாடு பத்திலேயே இருந்தது. மாநிலம் தனியாக முடிவெடுக்கும் விஷயம் என்பதால் யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப், இமாச்சல் எல்லாம் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது தனிக் கதை.

சி.பி.எஸ்-ஸில் இன்னொரு ஓட்டை, ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாகத் தந்தார்கள். மாதாமாதம் எதுவும் வரவில்லை. சிறைக்காவலருக்குப் பதினாலா பத்தா என்பதை விட இதுதான் பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும். 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது: கடைசிச் சம்பளத்தில் பாதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அகவிலைப்படி உயர்வு, குடும்பத்துக்கு 60 சதவீதம். ஊழியர் பங்கு 10. மீதி எவ்வளவு ஆனாலும் அரசு பார்த்துக்கொள்ளும். ஆரம்ப நிதியாக 13,000 கோடி, ஆண்டுக்கு சுமார் 11,000 கோடி என்று அரசே கணக்குச் சொன்னது. அரசின் பங்கு இத்தனை சதவீதம் என்று அறிவிப்பில் கட்டிப்போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே வாக்குறுதி நிலையானது, விகிதம் அதன் பின்னால் ஓடும். தில்லியின் 14-இல் விகிதம் நிலையானது, பென்ஷன் அதன் பின்னால் ஓடியது. மச்சான்கள் இருவருக்குமான உண்மையான வித்தியாசம் இதில்தான் இருந்தது.

ஆபத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

இங்கிலாந்து, வேல்ஸில் காவலருக்கென்று தனி ஓய்வூதியத் திட்டம் உண்டு. அரசின் கணிப்பாளர் துறை நான்கு வருடத்துக்கு ஒரு முறை அதை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிடுகிறது. 2024 ஏப்ரல் முதல் அங்கே காவல் நிர்வாகம் கட்டுவது சம்பளத்தில் 35.3 சதவீதம். காவலர் கட்டுவது சம்பளத்தைப் பொறுத்து 12.44 முதல் 13.78 வரை. சீக்கிரம் ஓய்வு, உடல்நலம் கெட்டு வெளியேறுவது, நீண்ட ஓய்வுக்காலம் எல்லாம் அந்தத் தனி மதிப்பீட்டுக்குள் வந்துவிடும். நம்மிடம் காவலரைத் தனியாகப் பிரித்து மதிப்பிடும் பழக்கமே இல்லை.

அப்படியானால் நம் ஊரில் பணியில் இறக்கும் காவலரின் குடும்பத்துக்கு எதுவும் இல்லையா? உண்டு, ஆனால் விகிதத்துக்கு வெளியே. மத்திய விதிகளில் ஊழியர் ஒரு விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும்: பணியில் இருக்கும்போது இறந்தாலோ, உடல் தகுதியிழந்து வெளியேற நேர்ந்தாலோ, பழைய விதிப்படியான ஓய்வூதியம் வேண்டுமா, என்.பி.எஸ் கணக்கில் இருப்பது வேண்டுமா? பழையதைத் தேர்ந்தவர் இறந்தால் குடும்பத்துக்கு முதல் பத்து வருடம் கடைசிச் சம்பளத்தில் பாதி, பிறகு 30 சதவீதம்; கணக்கில் இருந்த அரசின் பங்கு லாபத்தோடு அரசுக்கே திரும்பிவிடும், ஊழியரின் பங்கு குடும்பத்துக்கு வரும். கடமையின்போது நேர்ந்த மரணம் என்றால் வேறு விதிகளின்படி இன்னும் கூடுதல். 2025 ஜூனில் இந்த வசதி யு.பி.எஸ்-ஸில் இருப்பவர்களுக்கும் தரப்பட்டது. ஆக, காவல் வேலையின் ஆபத்தை வரவு செலவுத் திட்டம் நேரடியாகச் சுமக்கிறது, பங்களிப்பு விகிதம் அதைத் தொடுவதே இல்லை. கணக்காளன் கண்ணால் பார்த்தால் இது கொஞ்சம் அலங்கோலமான ஏற்பாடுதான். இருந்தாலும் நல்லது; ஆபத்தைக் காரணம் காட்டி ஒரு கான்ஸ்டபிளின் பத்தைப் பதின்மூன்றாக்க எந்த அரசாலும் இப்போதைக்கு முடியாது.

இருவரும் செய்தது

ஹெட் கான்ஸ்டபிள் யு.பி.எஸ்-ஸுக்கு மாற வேண்டுமா என்பதற்குக் கடைசித் தேதி இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு 2025 நவம்பர் 30-ல் வந்து நின்றது. 38 வருட சேவைக் கணக்கைப் பார்த்தால் என்.பி.எஸ்-ஸிலேயே இருப்பது லாபம் போலத் தெரிந்தது. ஆனால் விதியில் ஒரு விஷயம் இருந்தது. யு.பி.எஸ்-ஸுக்குப் போனவர், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பு வரை ஒரே ஒரு முறை என்.பி.எஸ்-ஸுக்குத் திரும்பலாம், அப்படித் திரும்பினால் இடையில் விட்டுப்போன 4 சதவீத வித்தியாசத்தையும் அரசு அவர் கணக்கில் சேர்க்கும். போகாமலே இருந்துவிட்டவருக்குப் பிறகு கதவு திறக்காது. "அப்போ இப்ப போறதுல நஷ்டம் இல்ல, போகாம இருக்கறதுலதான் இருக்கு" என்று அவரே முடிவுக்கு வந்தார். கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டார். மத்திய ஊழியர்கள் 23 லட்சம் பேரில் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பலருக்கு இந்தத் திரும்பும் வழி தெரியாது என்பது என் ஊகம்.

சிறைக்காவலருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: புதிய திட்டத்தின் விதிகள் வரும் வரை சி.பி.எஸ் கணக்குத் தாளைச் சரிபார்த்து வையுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் உள்ள பழைய சம்பளச் சீட்டுகளையும் கணக்குத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், அவர் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பிடித்த சில மாதப் பணம் வரவாகவே இல்லை. விகிதம் பத்தோ பதினாலோ, வரவில் ஏறாத மாதத்துக்கு இரண்டுமே பூஜ்யம். பிடித்தச் சான்று கேட்டு மனு எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் கிளம்பும் நேரத்தில் ஹெட் கான்ஸ்டபிளிடம் அந்த விருப்பப் படிவத்தைக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். கொடுத்ததாக ஞாபகம் இல்லை என்றார். மறுநாள் பூர்த்தி செய்து, சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைப் போட்டோ எடுத்து எனக்கும் தங்கைக்கும் அனுப்பிவிட்டார்.